கூடக் குடுக்கிறது: ‘கிஃப்ட்’ என்ற சொல்லின் கதை

எங்களில் ஒருத்தியின் சின்னம்மா ஜேர்மனிக்குப் போன புதிதில் நடந்தது இது. அவ வேலை செய்த இடத்தில ஒரு அலுமாரி. அதில ‘கிஃப்ட்’ என்று பெரிசாக எழுதியிருந்ததாம். நத்தார் நெருங்கின நேரம். வேலை செய்யிற ஆக்களுக்கு ஏதோ வாங்கி வைச்சிருக்கினம் என்று நினைச்சுத் திறக்கப் போயிட்டா. பக்கத்தில நின்ற பெண் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் விளங்கியது: ஜேர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு நஞ்சு என்று பொருள்.

கேட்டுச் சிரித்துவிட்டு அகராதிகளைப் புரட்டினோம். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

ஆங்கிலம், ஜேர்மன், டச்சு, சுவீடிஷ், டேனிஷ் எல்லாம் ஜெர்மானியக் குடும்பத்து மொழிகள். ‘கொடு’ என்ற வினையிலிருந்து பிறந்த ஒரே பெயர்ச்சொல்தான் இவை எல்லாவற்றிலும் கிஃப்ட் ஆக இருக்கிறது. ஆங்கிலத்தில் அது பரிசு. டச்சில் நன்கொடை. ஜேர்மனில் நஞ்சு. சுவீடிஷிலும் டேனிஷிலும் நஞ்சுக்கும் அதே சொல். ‘கலியாணமான’ என்பதற்கும் அதே சொல். இதை வைத்து ஸ்கண்டிநேவியர்கள் காலங்காலமாகப் பகிடி விடுகிறார்கள்.

நஞ்சு எப்படி வந்தது? வைத்தியர் வழியாக. கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல்; ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவுக்கும் அதுவே பெயர். நாங்கள் இன்றைக்கும் ‘டோஸ்’ என்று சொல்லுறது அதைத்தான். அதைப் பார்த்தே ஜேர்மன் மொழியினரும் தங்கள் ‘கொடுப்பு’க்கு அந்தப் பொருளை ஏற்றினார்கள் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர்களின் பொதுவான விளக்கம். நஞ்சை நஞ்சு என்று சொல்லத் தயங்குவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். நாங்களும் தோட்டத்துக்கு ‘மருந்து’ அடிக்கிறம், எலிக்கு ‘மருந்து’ வைக்கிறம். ஆங்கிலத்தின் ‘பொய்சன்’ கூட லத்தீனில் வெறும் குடிபானம் என்ற சொல்லின் வழிவந்தது. நஞ்சுக்கு ஜேர்மனில் இருந்த பழைய சொல் ‘ஐட்டர்’ தேய்ந்துபோய் இப்போது சீழ் என்று பொருள் தருகிறது. அதன் உறவான சொல் டேனிஷ் மொழியில் சிலந்தியின் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர் மட்டும் பழைய சொல்லை விடவில்லை. அங்கே நஞ்சு இன்றும் ‘எய்துர்’தான்.

சீதனமும் நஞ்சும் ஒரே சொல் என்று ஒரு சூடான தலைப்புப் போட்டிருக்கலாம். ஆனால் அது பிழையான வரலாறு. நஞ்சுப் பொருள் மருந்துப் பக்கத்தால் வந்தது, கலியாணப் பக்கத்தால் இல்லை. எங்களை உறுத்தியது ‘கொடுத்தல்’ என்ற மூலப் பொருளேதான்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘யிஃப்ட்’ என்று ஒலித்தது. அதற்குப் பரிசு என்ற பொருள் இல்லை. மணப்பெண்ணுக்காக மாப்பிள்ளை கொடுக்கும் விலை என்பதே பொருள். பன்மையில் சொன்னால் கலியாணம். 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட வெசெக்ஸ் அரசர் இனேயின் சட்டத்தில் இதற்கு ஓர் இடம் உண்டு. ஒருவர் பெண்ணை விலைக்கு வாங்கி, கலியாணம் நடக்காமல் போனால், வாங்கிய பணம் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது அது. வாங்குதல் என்ற வினையேதான் அங்கே நிற்கிறது. பரிசு என்ற இன்றைய பொருளும் ‘கி’ என்ற ஒலியும் பின்னால் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தவை.

ஜேர்மனில் பழைய பொருள் ஒரே ஒரு மூலையில் தப்பியிருக்கிறது: ‘மிட்கிஃப்ட்’, சீதனம். நேராகச் சொன்னால் ‘கூடக் குடுக்கிறது’. எதோடு கூட? பெண்ணோடு கூட. அப்ப முதற் கொடை பெண். காசும் நகையும் அதற்கு மேலதிகம். 1707இல் ஒல்லாந்தர் தேசவழமையைத் தொகுப்பித்தபோது யாழ்ப்பாணத்துச் சீதன வழக்கங்களை விரிவாக எழுதி வைத்தார்கள். தங்கள் ஊரிலும் பெண்ணோடு சொத்துப் போவதைக் கண்டு வந்தவர்களுக்கு அது ஒன்றும் அதிசயமாக இருந்திராது.

வடக்கே இலக்கணமே இதைக் காட்டிக்கொடுக்கிறது. பழைய நோர்ஸ் மொழியில் பெண்ணுக்கு ஒரு வினை, கொடுக்கப்படுதல். ஆணுக்கு வேறு வினை, மனைவியை அடைதல். ஐஸ்லாந்து மொழியில் அந்த இரண்டாவது சொல் இன்னும் புழக்கத்தில் உண்டு. கலியாண வீட்டில் “மகளை எங்க குடுத்திருக்கிறியள்?” என்றும், “மகன் எங்க கட்டினவர்?” என்றும் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்த இலக்கணத்தை ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.

சுவீடனில் பெண்ணைக் கொடுக்கும் உரிமை உள்ளவருக்குச் சட்டப்படி ஒரு பெயரே இருந்தது: ‘யிஃப்தொமான்’. தகப்பன், அவர் இல்லாவிட்டால் நெருங்கிய உறவினர். 1734ஆம் ஆண்டுச் சட்டக்கோவையிலும் அவர் இருக்கிறார். 21 வயதான பெண் அவருடைய அனுமதி இல்லாமல் கலியாணம் செய்யலாம் என்றானது 1872இல்தான். கலியாணமான பெண் தன் சொத்தைத் தானே ஆளும் முழு உரிமை 1920ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. ஆனாலும் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘யிஃப்ட்’ ஒட்டிக்கொண்டிருந்தது. 1987இல் வந்த புதிய திருமணச் சட்டத்தின் பெயரில்தான் அது இல்லாமல் போனது.

பேச்சில் இருந்து அது போகவில்லை. சுவீடனில் கலியாணமான ஆணும் இன்றைக்குத் தன்னை ‘யிஃப்ட்’ என்றுதான் சொல்கிறான். சொல்லின்படி பார்த்தால் அவனையும் ஆரோ குடுத்திருக்கினம்.