பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலை: நீல ஒளி சிகிச்சை எவ்வாறு செயல்படுகிறது?

பிறந்த குழந்தைகளிடம் மஞ்சள் காமாலை மிகப் பரவலாகக் காணப்படுகிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கும் முதல் வாரத்தில் தோலும் கண்ணின் வெண்பகுதியும் மஞ்சள் நிறமடைகின்றன. பெரும்பாலோருக்கு இது தானாகவே மறையும். சிலருக்குச் சிகிச்சை தேவைப்படும். அச்சிகிச்சைக்குப் பெரும்பாலும் மருந்தோ ஊசியோ தேவைப்படுவதில்லை; ஒளியே மருந்தாகிறது. உங்கள் குழந்தையின் கண்களை மறைத்து, உடைகளைக் களைந்து, நீல விளக்கின் கீழ் படுக்க வைத்திருப்பதைக் காணும்போது அச்சம் எழுவது இயல்பே. அந்த விளக்கு என்ன செய்கிறது, ஏன் நீல நிறம் மட்டும், வீட்டிலேயே வெயிலில் காட்டினால் போதாதா ஆகிய கேள்விகளுக்கு இப்பக்கத்தில் விடை காணலாம்.

மஞ்சள் நிறத்தின் காரணம்

நம் இரத்தச் சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்ததும் சிதைகின்றன. அவற்றிலுள்ள ஹீமோகுளோபின் உடையும்போது பிலிரூபின் என்னும் பொருள் உருவாகிறது. கல்லீரல் இதை நீரில் கரையும் வடிவத்திற்கு மாற்றி, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்பி, மலத்துடன் வெளியேற்றுகிறது. பிறந்த குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம். பெரியவர்களின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். குழந்தையின் சிவப்பணு 80 முதல் 90 நாட்களே வாழும். ஆகவே பிலிரூபின் மிகுதியாக உருவாகிறது. அதைக் கையாள வேண்டிய கல்லீரலோ இன்னும் முழுத்திறன் பெறவில்லை. தேங்கும் பிலிரூபின் தோலில் படிகிறது. தாய் உண்ட மஞ்சள் நிற உணவுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

பிலிரூபின் ஏன் மஞ்சளாகத் தெரிகிறது என்பதில்தான் சிகிச்சையின் அடிப்படையும் உள்ளது. வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் கலந்துள்ளன. ஒரு பொருள் அவற்றில் சிலவற்றை உறிஞ்சிக்கொண்டு, எஞ்சியவற்றைத் திருப்பி அனுப்புகிறது. எஞ்சியதே நம் கண்ணுக்குப் பொருளின் நிறமாகத் தெரிகிறது. பிலிரூபின் நீல ஒளியை, குறிப்பாக 460 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை, வலுவாக உறிஞ்சுகிறது. நீலம் நீங்கிய வெள்ளொளி மஞ்சளாகத் தோன்றுகிறது.

ஒளி சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குப் பொருத்தமான அளவுள்ள பொட்டலங்களையே ஏற்கும். சில்லறை நாணயத்தை அளவு பார்த்து ஏற்கும் பழைய தொலைபேசிப் பெட்டியை நினைத்துக்கொள்ளலாம். பொருந்தாத நாணயம் எத்தனை போட்டாலும் பயனில்லை. பிலிரூபினுக்குச் சிவப்பு விளக்கு அத்தகைய பொருந்தாத நாணயம். எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் அது பிலிரூபினால் உறிஞ்சப்படாது.

உறிஞ்சிய ஆற்றல் எங்கே போகிறது?

ஒளியை உறிஞ்சிய மூலக்கூறு அந்த ஆற்றலை வைத்துக்கொண்டே இருக்க முடியாது. சில பொருட்கள் அதை மீண்டும் ஒளியாக வெளியிடுகின்றன. பழைய குழல் விளக்கின் உட்புறம் பூசப்பட்டுள்ள வெண்பொடி, குழாயினுள் பாதரச ஆவி வெளியிடும் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக உமிழ்கிறது. வேறு சில பொருட்கள் ஆற்றலை வெப்பமாகக் கைவிடுகின்றன. வெயிலில் வைத்த கறுப்புத் துணி சூடாவது இதனாலேயே.

பிலிரூபின் ஒளியாக உமிழ்வது மிகமிகக் குறைவு. உறிஞ்சிய ஆற்றலின் ஒரு பகுதியைக் கொண்டு அது தன் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது. இயல்பான பிலிரூபின், கைகளை உள்ளே மடக்கிக்கொண்டதுபோல், நீருடன் சேரக்கூடிய பகுதிகளை உட்புறம் மறைத்து வைத்திருக்கும். ஆகவே நீரில் கரையாது. நீல ஒளி பட்டதும் அம்மடிப்பு திருகி விரிகிறது. மறைந்திருந்த பகுதிகள் வெளிப்படுகின்றன. இவ்வாறு மாறிய வடிவங்களுள் லூமிரூபின் எனப்படுவது முக்கியமானது. அது பழைய வடிவத்திற்குத் திரும்புவதில்லை. மாறிய பிலிரூபின் கல்லீரலின் வேதிமாற்றத்திற்காகக் காத்திராமல் பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. கல்லீரல் வலுப்பெறும் வரை அதன் பணியின் ஒரு பகுதியை விளக்கு ஏற்றுக்கொள்கிறது என்று கூறலாம். சிகிச்சையின்போது குழந்தையின் மலம் சற்றுத் தளர்வாகவும் பச்சை கலந்தும் போவதற்கு இதுவே காரணம்; வயிற்றுப்போக்கு என எண்ணிப் பாலை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு செவிலியரின் கூரிய பார்வை

இச்சிகிச்சை ஒரு செவிலியரின் கவனிப்பிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவைக் கவனித்துவந்த ஜீன் வார்டு, நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்திற்குக் கொண்டுசெல்வது வழக்கம். 1956ஆம் ஆண்டில் ஒருநாள் அவர் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடல் வெளிறியிருக்க, ஒரு முக்கோணப் பகுதி மட்டும் கடும் மஞ்சளாக இருந்தது. போர்வையின் முனை மூடியிருந்த இடம் அது. அதன்பின், சன்னலோர வெயிலில் இருந்துவிட்ட ஓர் இரத்த மாதிரியில் பிலிரூபின் அளவு எதிர்பாராத வகையில் குறைந்திருப்பதும் கண்டறியப்பட்டது. மருத்துவர் கிரெமரும் அவருடைய குழுவினரும் நீல விளக்குகளைக் கொண்டு ஆய்வு செய்து, 1958ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். இரத்தம் எடுத்த குழாயை இன்றும் ஆய்வகப் பணியாளர்கள் கறுப்புத் தாளாலோ அலுமினியத் தாளாலோ மூடி எடுத்துச் செல்வதை நீங்கள் காணலாம். ஒளி பட்டால் குழாய்க்குள்ளேயே பிலிரூபின் மாறிவிடும். அளவு பொய்யாகக் குறைந்து தெரியும்.

இது எக்ஸ்-கதிர் போன்றதா?

'கதிர்' என்ற சொல்லே பெற்றோரை அஞ்சவைக்கிறது. எக்ஸ்-கதிரும் ஒளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உண்மை. ஆயினும் ஒரு நீல ஒளிப் பொட்டலத்தின் ஆற்றலைவிட எக்ஸ்-கதிர்ப் பொட்டலம் ஒன்றின் ஆற்றல் பல்லாயிரம் மடங்கு பெரியது. எக்ஸ்-கதிர் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி எறியும் வலிமை உடையது. நீல ஒளிக்கு அவ்வலிமை இல்லை. சிகிச்சை விளக்கு புற ஊதா விளக்கும் அன்று. இன்று பெரும்பாலும் பயன்படும் எல்.இ.டி. விளக்குகள் நீலப் பகுதியில் மட்டுமே ஒளி உமிழுமாறு அமைக்கப்படுகின்றன. அவை வெப்பத்தையும் குறைவாகவே தருகின்றன. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கண்டுபிடிப்பின் பயனைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நாங்கள் நாள்தோறும் காண்கிறோம்.

எனினும் விழித்திரை மென்மையானது. ஆகவே கண்மறைப்பு கட்டாயம். அது நழுவி மூக்கை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும்போது அதை அகற்றி, குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.

ஒளிக்கும் அளவு உண்டு

மாத்திரைக்கு மில்லிகிராம் இருப்பதுபோல் ஒளிக்கும் அளவு உண்டு. ஒளியின் நிறம், அதன் செறிவு, ஒளி படும் தோலின் பரப்பு, நேரம் ஆகிய நான்கும் சேர்ந்ததே அந்த அளவு. விளக்கைக் குழந்தையிடமிருந்து தள்ளி வைத்தால் செறிவு குறையும். செவிலியர் அமைத்த உயரத்தை மாற்றாதீர்கள். குளிருமே என்று துணியால் போர்த்தினால், போர்த்திய இடத்தில் சிகிச்சை நடைபெறாது. ராச்ஃபோர்டின் முக்கோணத்தை நினைவில் கொள்ளுங்கள். குழந்தைக்குக் குளிர்வதாகத் தோன்றினால் செவிலியரிடம் கூறுங்கள், அறையின் வெப்பநிலையைச் சரிசெய்வார்கள். எண்ணெய், பவுடர், மஞ்சள் பூச்சு எதுவும் தோலில் வேண்டாம்.

தாய்ப்பால் கொடுப்பதற்காகக் குழந்தையை வெளியே எடுக்கலாம். 2 முதல் 3 மணி நேரத்திற்கு ஒருமுறை, நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டும். குடலுக்கு வந்த பிலிரூபின் மலமாக வெளியேறாவிட்டால் மீண்டும் இரத்தத்தில் சேரும். பால் நன்கு குடித்தால்தான் மலம் போகும். சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர் ஆகியவை இதற்கு உதவா. அவை வயிற்றை நிரப்பித் தாய்ப்பாலின் அளவைக் குறைத்துவிடும்.

வெயிலில் காட்டினால் போதாதா?

வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது. வெயிலில் நீல ஒளி உண்டு. இச்சிகிச்சை வெயிலில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. ஆயினும் வெயிலில் புற ஊதாக் கதிரும் அகச்சிவப்புக் கதிரும் சேர்ந்தே வருகின்றன. முன்னது மென்தோலைப் புண்ணாக்கும். பின்னது உடலைச் சூடேற்றி நீரிழப்பை உண்டாக்கும். இவ்விரண்டுக்கும் அஞ்சியே தாய்மார் விடியற்காலை இளவெயிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி நீண்ட தொலைவு காற்றைக் கடந்து வருவதால் அதன் நீலப் பகுதியே முதலில் சிதறிப்போகிறது. இளவெயில் செம்மையாகத் தெரிவது அதனால்தான். அதாவது, குழந்தைக்குத் தேவையான நிறம் மிகக் குறைவாக உள்ள வேளையைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். அதிலும் கால் மணி நேரம், முகமும் கைகாலும் மட்டும். மருத்துவமனையில் பல மணி நேரம், உடல் முழுவதும் ஒளி படுகிறது.

நைஜீரியாவில் மருத்துவர்கள் புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் சிறப்புப் படலத்தாலான கூடாரங்களின்கீழ் குழந்தைகளை வைத்து, வெயிலைப் பயன்படுத்திச் சிகிச்சை அளித்துள்ளனர். 2015ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வு நல்ல பலனைக் காட்டியது. அங்கும் பணியாளர்கள் குழந்தைகளின் உடல் வெப்பநிலையைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருந்தனர். வீட்டுத் திண்ணையில் இவை எதுவும் இல்லை. வெயிலில் காட்டுவதால் நேரும் பெரிய தீங்கு மருத்துவமனைக்கு வரத் தாமதமாவதே. இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்கும் அவ்விரு நாட்களில் பிலிரூபின் மூளையை எட்டிவிடக்கூடும். அவ்வாறு எட்டினால் காது கேளாமை, தசைக் கட்டுப்பாடு இழந்த மூளை முடக்குவாதம் ஆகியவை வாழ்நாள் முழுவதும் நிலைக்கலாம். வீட்டிலுள்ள குழல் விளக்கும் குண்டு விளக்கும் இச்சிகிச்சைக்குப் பயன்படா.

எப்போது உடனே வர வேண்டும்?

பிறந்து 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதும் நோயின் அறிகுறியே. தாய்க்கு நெகட்டிவ் இரத்த வகை, முன்பு பிறந்த குழந்தைக்குக் காமாலை சிகிச்சை, குறைமாதப் பிறப்பு ஆகியவை இருந்தால் கூடுதல் விழிப்பு தேவை. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு உறங்கினாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். கீச்சென்ற குரலில் அழுதாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்; 108 ஊர்தியை அழையுங்கள். அந்நிலையில் இரத்தமாற்று சிகிச்சை தேவைப்படலாம்.

மஞ்சளைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லாக் குழந்தையும் மஞ்சளே. மாநிறக் குழந்தைகளின் தோலை விரலால் மெல்ல அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணின் வெண்பகுதியும் ஈறும் இன்னும் தெளிவாகக் காட்டும்.

நாப்தலீன் அந்துருண்டை போட்டு வைத்த பெட்டியிலிருந்து எடுத்த துணியைக் குழந்தைக்கு உடுத்தாதீர்கள். ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த ஆவியே சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான காமாலையை உண்டாக்கும். குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிவதில்லை.

மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தாலோ, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியச் செய்தாலோ, இரண்டு வாரம் கடந்தும் காமாலை நீடித்தாலோ அது வேறு வகை. அங்கே கல்லீரல் தன் பணியைச் செய்துவிட்டது. பித்தநீர் வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம். நீல ஒளி அதற்குத் தீர்வன்று. அவ்வகைக் குழந்தையின் தோல் ஒளியால் வெண்கல நிறமாக மாறவும் கூடும். பித்தநாள அடைப்பிற்கான அறுவை சிகிச்சை 60 நாட்களுக்குள் நடைபெற்றால் பலன் அதிகம். ஆதலால் 'தாய்ப்பால் காமாலை, தானே போய்விடும்' என்று பிறர் சொல்வதை நம்பி நாட்களைக் கடத்த வேண்டாம்.

விளக்கை நிறுத்திய பின்

ஒளி பட்ட தோல் விரைவில் வெளுத்துவிடும். இரத்தத்தில் பிலிரூபின் அந்த வேகத்தில் குறைவதில்லை. எனவே சிகிச்சை தொடங்கிய பின் தோலின் நிறத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. தோலின்மேல் வைத்து ஒளி பாய்ச்சி அளக்கும் கருவியும் ஒளி பட்ட இடத்தில் ஏமாற்றும். குதிகாலில் மீண்டும் மீண்டும் இரத்தம் எடுப்பது இதனாலேயே. அந்த எண்ணைக் குழந்தையின் வயதோடு, அதுவும் மணிக்கணக்கில், ஒப்பிட்டே மருத்துவர் முடிவெடுப்பார். பக்கத்துக் கட்டில் குழந்தையின் எண் உங்கள் குழந்தைக்குப் பொருந்தாது.

விளக்கை நிறுத்திய பின் பிலிரூபின் சிறிது ஏறுவது உண்டு. மறுபரிசோதனைக்கு வரச்சொன்ன நாளில், குழந்தை நலமாகத் தோன்றினாலும், சிகிச்சைச் சீட்டுடன் வாருங்கள். அன்று வர இயலாவிடில் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவித்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையைக் காட்டுங்கள்.