லைனில் பேசாதே

ஒரகடத்தில் ஒரு வயரிங் ஹார்னஸ் கம்பெனியில் 2009இல் வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்தேன். லைனில் எனக்குப் பெயர் 'சைக்காலஜி மேடம்'. நான் படித்ததென்னவோ எழும்பூர் காசா மேஜர் சாலையில், மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் எம்.ஏ. தொழில் உளவியல் அதில் ஒரு பேப்பர். அது எனக்குச் சோறு போட்டது சட்டத்தின் தயவில். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவுப்படி, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் அப்போது இருந்தே ஆக வேண்டியிருந்தது. தொழிலாளி மனசை அறிய ஆசைப்பட்டா கூப்பிட்டார்கள்? இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட ஆள் வேண்டும்.

படிப்பு வந்த வழி வேறு. பாஸ்டன் டிராம் ஓட்டுநர்களில் யார் விபத்தில்லாமல் ஓட்டுவார் என்று சோதனை வைத்துப் பார்த்தவர் ஹார்வர்டின் ஹியூகோ மன்ஸ்டர்பர்க். அவரிடம் படித்த நரேந்திரநாத் சென்குப்தா தலைமையில் 1916இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் உளவியல் துறை அமைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1943இல்தான் வந்தது. பெரம்பூர் பின்னி மில்காரர்கள் அதற்கு வெகுமுன்பே, 1918இல், சங்கம் கட்டி, 1921இல் பெரிய ஸ்டிரைக்கும் பார்த்துவிட்டார்கள்.

பரீட்சைக்கு நாங்கள் உருப்போட்டது ஹாத்தார்ன் ஆராய்ச்சி. சிகாகோ பக்கம் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் டெலிபோன் தொழிற்சாலை. 1927இல் தனி அறையில் ரிலே பூட்ட ஐந்து பெண்கள், சாமான் எடுத்துத் தர இன்னொருத்தி. இடைவேளை விட்டார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், உற்பத்தி ஏறியது. அக்கறை காட்டினால் ஆள் நன்றாக உழைப்பான் என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன். என் நோட்டில் இல்லாத ஒரு சேதி வேலைக்கு வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. 1928 ஜனவரியில் அந்த ஐவரில் இருவரை வெளியே அனுப்பி, வேறு இருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். அனுப்பப்பட்டவர்கள் மேல் குற்றம்: பேச்சு அதிகம், ஒத்துழைப்பு குறைவு. புதிதாக வந்தவர்களில் ஒருத்தி படு வேகம். ஏறிய உற்பத்தி அக்கறையால் வந்ததா, அவள் கைவேகத்தால் வந்ததா என்று பிற்பாடு ஆராய்ச்சிக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள்.

2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா திறந்தபோது, டெலிபோனும் இளம்பெண்களும் மறுபடி ஒரே கூரைக்கடியில் என்று நினைத்துக்கொண்டேன். பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றிராவிட்டால், நைட் ஷிப்டுக்கு அந்தப் பெண்கள் வந்திருக்க முடியாது. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடியது.

எங்கள் லைனில் செய்யாற்றுப் பெண் ஒருத்தி. பலகையில் அடித்த முளைகளுக்கிடையே வயரை இழுத்து, வளைத்து, டேப் சுற்றி முடிக்கும்வரை வாய் ஓயாது. சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டு அவளை ஸ்டோருக்கு மாற்றினேன். சிகாகோ சேதியைப் படித்தபின் மனசு கேட்கவில்லை. கேன்டீனில் பிடித்து, அப்படி என்னதான் பேசினாய் என்று கேட்டேன்.

"பாதி சினிமாக் கதை மேடம். மீதி, பக்கத்துல புதுசா வந்த பொண்ணுக்கு எந்தக் கலருக்கப்புறம் எந்தக் கலருன்னு சொல்லிக் குடுத்துட்டிருந்தேன்."

திரும்ப லைனுக்குப் போகிறாயா என்றேன்.

"வேணாம் மேடம். ஸ்டோர்ல ஃபேன் இருக்கு."