வேலிக்கு அப்பால் யார்? - காணி விற்பனையும் தேசவழமையும்

யாழ்ப்பாணத்தில் வீடு வளவு விற்பது ஒருபோதும் விற்பவருடைய தனி விவகாரமாக இருந்ததில்லை. விலை பேசுவதற்கு முன்னர் உறவினர் கேட்பர், அயலவர் விசாரிப்பர், வாங்க வருபவர் எந்த ஊர், எந்தப் பகுதி என்ற கேள்வி எழும். இது வெறும் ஊர் வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இது எழுத்தில் உள்ள சட்டமாகும். புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுள் பலருக்கு ஊரில் ஒரு வீடோ, வீட்டில் ஒரு பங்கோ இருக்கின்றது. அதனை எவருக்கு விற்பது என்று முடிவெடுக்கும்போது இச்சட்டத்தின் வரலாற்றை அறிந்திருப்பது பயன் தரும்.

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். சொத்து வழக்குகளைத் தீர்ப்பதற்கு இம்மக்களின் வழமைகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்பட்டது. ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்தவரும் நீண்டகாலம் இங்கு வாழ்ந்தவருமான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் வழமைகளைத் திரட்டி 1707ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதி முடித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, 12 முதலிமாரிடம் கொடுக்கப்பட்டு, அவர்களின் ஒப்புதலும் பெறப்பட்டது. அதுவே தேசவழமைச் சட்டம். பின்னர் வந்த பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

காணி விற்பனை பற்றி அத்தொகுப்பு கூறுவது கவனத்துக்குரியது. முற்காலத்தில் ஒருவர் தமது காணியையோ தோட்டத்தையோ விற்க விரும்பினால் உரித்தாளர்களுக்கும், பங்காளர்களுக்கும், அக்காணியை ஒற்றியாக வைத்திருக்கும் அயற்காணிக்காரர்களுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்ற பின்னரே வெளியாருக்கு விற்கலாம். 1694ஆம் ஆண்டு இறந்த ஒல்லாந்தத் தளபதி புளோம் என்பவரின் காலம் வரை இவ்வாறே நடந்தது. அதன் பின்னர், விற்பனை பற்றிய அறிவித்தலை அவ்வூருக்குரிய தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்க வேண்டும் என்ற ஒழுங்கு வந்தது. மனதில் எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் ஊரவர் பெயர்கள் தேவாலயத் தோம்பில் பதியப்பட்டிருந்த காலம் அது. ஆகவே தேவாலயத்தில் வாசித்தால் ஊர் முழுவதும் அறியும்.

ஒரே கிணறு, ஒரே ஒழுங்கை

இத்தகைய கட்டுப்பாடு எதற்காக? யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலவமைப்பே முதற்காரணம் எனலாம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. சுண்ணாம்புக் கல்லின் கீழே தங்கியிருக்கும் நிலத்தடி நீரே உயிர்நாடி. தலைமுறை தோறும் சீதனமாகவும் முதுசொமாகவும் பிரிந்து, காணிகள் ஏக்கர் கணக்கிலன்றிப் பரப்புக் கணக்கிலும் குழிக் கணக்கிலும் சிறுத்துப் போயின. காணி பிரிந்தாலும் கிணறு பிரியாது. பழைய உறுதிகளை எடுத்துப் பார்த்தால், இத்தனை பரப்புக் காணியும், அதற்குரிய கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில், யாருடைய முறை எந்த நாள் என்பதே வாழ்க்கைப் பிரச்சினை. ஒருவர் தமது பங்கை முன்பின் அறியாத ஒருவருக்கு விற்றால், எஞ்சியோர் அந்தப் புதியவருடன் ஒரே கிணற்றில் நீர் அள்ள வேண்டும். ஒரே ஒழுங்கையில் நடக்க வேண்டும். எனவே விற்பனையில் மற்றவர்களுக்கும் ஒரு சொல் இருக்கட்டும் என்று வழமை கருதியது. காணியை விற்பவர் அயலைவிட்டுப் போய்விடுகிறார். அங்கே தொடர்ந்து வாழப்போகின்றவர் மற்றவரே. அவருடைய நலனைக் காத்தது என்ற அளவில் இவ்வழமையில் நியாயம் உண்டு.

வேலியின் மறுபக்கம்

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதே தேசவழமைத் தொகுப்பு அடிமைகள் பற்றியும் விரிவாகப் பேசுகின்றது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோர் எசமானருக்கு ஆற்றவேண்டிய கடமைகளை அது வகுத்து வைத்திருந்தது. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டிலேயே முற்றாக ஒழிக்கப்பட்டது. முதலில் வாங்கும் உரிமை உரித்தாளருக்கும் பங்காளருக்கும் என்றால், அகமணமே வழக்கமான சமூகத்தில், அது அதே சாதிக்குள் சுழலும் உரிமை என்பதே பொருள். சட்டத்தின் அந்த வரியில் சாதி என்ற சொல் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முதற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையைப் புதிதாக வரையறுத்தது. கூட்டு உரிமையாளருக்கும், விற்பவர் இறப்பின் அவருக்கு உரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் உரிமை தொடர்ந்தது. ஒற்றி வைத்திருந்த அயற்காணிக்காரர் பட்டியலிலிருந்து நீங்கினார். அயல் போய்விட்டது, இரத்த உறவு மட்டும் நிலைத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவில் நிகழ்ந்த ஒன்றை இங்கு ஒப்பிடலாம். ரொறன்ரோவின் கிழக்கு யோர்க் பகுதியில் தொழிலாளர் கல்விச் சங்கம் வாங்கிய காணியொன்றின் உறுதியில், யூதர்களுக்கும் விரும்பத்தகாத நாட்டினருக்கும் இதனை விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தது. 1945ஆம் ஆண்டு நீதியரசர் கீலர் மக்கே, அது பொதுநலக் கொள்கைக்கு முரணானது, செல்லாது என்று தீர்ப்பளித்தார். சில தசாப்தங்களின் பின்னர் அதே நகருக்கு அகதிகளாகச் சென்ற எம்மவர்கள், கோவிலுக்கும் தமிழ்க் கடைக்கும் பாடசாலைக்கும் அருகில், தாம் விரும்பிய தெருவில் வீடு வாங்கிக் குடியேறினார்கள். ஆனால் ஊரில், உறுதியில் ஒரு வரிகூட எழுதாமலே, அதே நிபந்தனை நடைமுறையில் இருந்தது. போரின்போது வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து நலன்புரி முகாம்களில் மிக நீண்டகாலம் தங்க நேர்ந்தவர்களுள் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் பெருமளவில் இருந்தமைக்கு, அவர்களுக்குச் சொந்தக் காணி இல்லாமையும், காணி விற்க மற்றவர்கள் முன்வராமையும் காரணங்களாகும்.

பெண்களின் நிலையையும் சொல்ல வேண்டும். வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரிலேயே இருக்கும். ஆயினும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி மனைவி தன் அசையாச் சொத்தை விற்கலாகாது என்று விதித்தது. சம்மதம் கிடைக்காவிடின் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். போரில் கணவன் காணாமற்போன பெண்களுக்கு, தமது சொந்த வீட்டை விற்பதே வழக்காடும் விடயமாக மாறியது.

கேட்கப்படாமலே போன வீடுகள்

விற்பவரின் விருப்பம், அயலவரின் உரிமை என்றெல்லாம் பேசும்போது 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தை மறந்துவிட முடியாது. அம்மாதம் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ் நகர முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. தலைமுறைகளாக ஒரே சந்தையையும் தெருக்களையும் பகிர்ந்துகொண்ட அயலவர்கள் வீடுகளைப் பூட்டக்கூட நேரமின்றிச் சென்றனர். ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துத் தமிழர்களும் இலட்சக்கணக்கில் ஓரிரவில் வெளியேற நேர்ந்தது. பின்னாளில் திரும்பிய முஸ்லிம்களுள் பலர் இடிந்த வீடுகளைத் திருத்த வழியின்றி விற்றுவிட்டனர். ஒருவர் தாம் வாழும் சமூகத்தைத் தெரிவுசெய்வது ஒன்று. ஒரு சமூகம் தன்னோடு வாழ்ந்தவர்களை நீக்கிவிடுவது வேறொன்று. இரண்டாவதை எந்த வழமையும் நியாயப்படுத்த முடியாது.

இன்றைய நிலை

இன்று ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஐந்து உரித்தாளர் இருந்தால் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் இலண்டனில், ஒருவர் பரிசில், ஒருவர் சிட்னியில், ஒருவர் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வாழ்கின்றனர். அற்றோணித் தத்துவம் அனுப்பி விற்க முயல்கின்றனர். பங்காளர் ஒருவர் கையொப்பமிடாவிட்டால் விடயம் ஆண்டுக்கணக்கில் இழுபடும். வீடு பூட்டிக் கிடக்கும், கூரை விழும், கிணறு பாழாகும். பக்கத்து வளவில் வாடகைக்குக் குடியிருந்து, அந்த ஒழுங்கையிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு அந்த வீட்டில் எந்த முன்னுரிமையும் கிடையாது. ஒரே கிணற்றில் நீர் அள்ளுபவர்களைக் காப்பதற்காகப் பிறந்த வழமை, அந்தக் கிணற்றை முப்பது ஆண்டுகளாகக் கண்ணால் காணாதவர்களின் உரிமையாக முடிந்திருக்கின்றது.

சட்டத்தைத் திருத்துவது சட்டவாக்க சபைகளின் வேலை. அதற்குக் காத்திராமல் விற்பவர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. சட்டப்படி உறவினருக்கு அறிவித்து, அவர்கள் வேண்டாம் என்ற பின்னர், எவருக்கு விற்பது என்பது உரிமையாளரின் கையில் இருக்கின்றது. அப்போது, அதிக விலை தரும் தூரத்து முதலீட்டாளரைத் தேடுவதற்கு முன்பாக, அந்த அயலிலேயே குடியிருப்பவரைக் கேளுங்கள். காணியற்றவரைக் கேளுங்கள். எந்தப் பகுதி என்று கேட்காமல், அங்கே வாழப்போகின்றீர்களா என்று மட்டும் கேளுங்கள். பழைய வழமையில் காப்பாற்றத் தகுந்த பகுதி அதுதான்.