பியானோவுக்கு எந்தப் பொட்டி?

"200 பேர் உட்கார்ற ஹாலு. டிஜிட்டல் பியானோவுக்கு எத்தனை வாட்ஸ் ஆம்ப் வாங்கணும் மச்சி?" நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி இது. கம்ப்யூட்டர் பொட்டி தட்டுறவன்கிட்ட ஏன் கேக்குறாங்கன்னு தெரியல :-) ஆனா கேள்வியே கொஞ்சம் கோணல். வாட்ஸ் அப்புறம் பாத்துக்கலாம். அந்த ஆம்ப் எதுக்காகச் செஞ்சதுங்கறதுதான் முதல்ல. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

சாதாப் பியானோவுல கம்பி மட்டும் தனியா பெரிசா சத்தம் போடாது. கம்பியோட அதிர்வை வாங்கி, சவுண்ட்போர்டுங்கற அகலமான மரப்பலகை அதிர்றதாலதான் ஹாலுக்கே கேக்குது. பலகைதான் அதோட ஆம்ப்ளிஃபயர்.

இந்தப் பலகையே இல்லாம பியானோ செஞ்சவர்களில் ஒருத்தர் ஹரால்ட் ரோட்ஸ். இரண்டாம் உலகப்போர் சமயத்துல, காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் படுக்கையிலேயே வெச்சு வாசிக்க, விமானத்தோட அலுமினியக் குழாய்களை வெச்சு குட்டிப் பியானோ செஞ்ச மனுஷன். பிற்காலத்துல அவர் செஞ்ச பியானோவுல சுத்தியல் ஒரு உலோகக் குச்சியை அடிக்கும். கிடார்ல இருக்கிற மாதிரியே பிக்கப் அதை மின்சாரமா மாத்தும். 1965-ல வந்த ஃபெண்டர் ரோட்ஸுக்கு ஆம்பும் ஸ்பீக்கரும் அடியில இருக்கிற பெட்டிக்குள்ள. 1970-ல ஆம்ப் இல்லாம நாலு கால் மட்டும் வெச்சு ஒரு மாடல் விட்டாங்க. வாசிக்கிறவங்க என்ன பண்ணினாங்க? பக்கத்துல இருந்த கிடார் ஆம்பில, முக்கியமா ஃபெண்டர் ட்வின் ரிவெர்பில, செருகிட்டாங்க.

அது அமோகமா ஒத்துப்போச்சு. கிடார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல சட்டுனு படுத்துடும். ரோட்ஸோட கணகணப்பை அது உருண்டையாக்கிடுச்சு. அந்தக் குறைதான் ருசி! "கீபோர்டுன்னா கிடார் ஆம்ப் போதும்"ங்கற பழக்கமும் அங்கேதான் ஊறிப்போச்சுன்னு என் அபிப்பிராயம்.

நிற்க. 1984-ல கர்ஸ்வைல் 250 வந்துது. ஸ்டீவி வொண்டரோட பேசினதுல முளைச்ச யோசனை அது. நிஜ கிராண்ட் பியானோவைப் பதிவு பண்ணி மெமரி சிப்புக்குள்ள வெச்சுட்டாங்க. இப்ப கவனிங்க: கம்பியோட சத்தம் மட்டுமில்ல, அந்த மரப்பலகையோட சத்தமும் பதிவுக்குள்ளயே இருக்கு. ரோட்ஸுக்கு ஆம்ப் வாத்தியத்துல பாதி. டிஜிட்டல் பியானோவுக்கு ஆம்ப் வெறும் ஜன்னல் கண்ணாடி. கலர் அடிச்ச கண்ணாடி ஆகாது. கிடார் ஆம்பில போட்டா பியானோ மேல கம்பளி போத்தின மாதிரி கேக்கும்.

பியானோவோட அடி ஸ்வரம் 27.5 ஹெர்ட்ஸ், உச்சி ஸ்வரம் 4186. அதோட மேல்ஸ்வரங்கள் இன்னும் எங்கேயோ போகும். அதனால 200 பேர் ஹாலுக்கு நான் சொல்றது: 10 இல்ல 12 அங்குல வூஃபரும், மேல் சத்தத்துக்குத் தனி ஹார்னும் இருக்கிற பவர்டு பி.ஏ. ஸ்பீக்கர் ரெண்டு. கிடார் ஆம்ப் வேண்டவே வேண்டாம்.

இப்ப வாட்ஸ். வாட்ஸ் இரட்டிப்பானா கூடுறது 3 டெசிபெல்தான். தூரம் இரட்டிப்பானா திறந்தவெளியில குறையறது 6 டெசிபெல். (ஹால்ல சுவரோட எதிரொலி கொஞ்சம் கை கொடுக்கும்.) அப்போ கடைசி வரிசைக்காக நாலு மடங்கு வாட்ஸ் வாங்குறதைவிட, ஸ்பீக்கரை ஸ்டாண்டுல ஏத்தி முன்வரிசைத் தலைகளுக்கு மேல வைக்கிறது மலிவு.

இன்னொண்ணு, இதுலதான் நிறையப் பேர் மாட்டுறாங்க. பெரும்பாலான பியானோ ஒலிகள் ஸ்டீரியோவில பதிஞ்சது. இடது, வலது மைக்குக்கு சத்தம் வந்து சேர்ற நேரம் லேசா வேற வேற. ரெண்டையும் ஒரே ஸ்பீக்கருக்குள்ள கலந்தா சில அலைகள் ஒண்ணையொண்ணு தின்னுடும். நடு ஸ்வரங்கள் குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். அதுக்காகத்தான் ரெண்டு ஸ்பீக்கர். ஒண்ணுதான் கைவசம்னா, உங்க பியானோவுல மோனோ பியானோ ஒலி இருக்கான்னு தேடிப் பாருங்க.

வாசிக்கிறவர் காதுக்கும் ஒரு சின்ன மானிட்டர் கட்டாயம். தன் சத்தம் கேக்கலைன்னா கை தானா ஓங்கி அடிக்க ஆரம்பிச்சுடும். மெதுவா வாசிக்க வேண்டிய இடமெல்லாம் காலி.