போரின் பெயர்கள்: இளையோர் புதினத்தில் பரப்புரை

தமிழ் இலக்கணம் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கும். செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது மங்கலம். கேட்போர் மனம் புண்படாதிருக்க எழுந்த வழக்கு அது. கொன்றவரே தம் செயலை மறைக்க இன்சொல்லைத் தேடும்போது அது பரப்புரையாகிறது. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்த வல்லவை, கொடுங்கோல் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் புதினங்கள்.

இம்மரபின் முன்னோடிகளுள் ஒருவர் ஜார்ஜ் ஆர்வெல். 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியாவுக்கான போர்க்கால ஒலிபரப்புகளை உருவாக்கியவர். 1949இல் வெளிவந்த அவரது புதினத்தில், போரை நடத்தும் துறைக்கு அமைதி அமைச்சு என்று பெயர்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப்பின், 2008இல், அமெரிக்க எழுத்தாளர் சூசான் காலின்ஸ் இளையோர்க்காக ‘தி ஹங்கர் கேம்ஸ்’ எழுதினார். அவருக்கு ஆறு வயதானபோது தந்தை வியட்நாம் போருக்குச் சென்றார். அப்பிரிவையே 2013இல் சிறுவர் படநூலாகவும் ஆக்கினார். புதினத்தில் 12 மாவட்டங்களிலிருந்து 24 சிறார் ஒருவரையொருவர் கொல்ல அனுப்பப்படுகின்றனர். அக்கொலைக்குப் பெயர் விளையாட்டு, ஆளெடுக்கும் நாள் அறுவடை, சிறார் திறைப்பொருள், ஒடுக்கும் படையினர் அமைதி காப்போர்.

2010இல் வந்த மூன்றாம் நூல் இன்னும் ஆழமானது. அதில் கிளர்ச்சியாளரும் பரப்புரைப் படங்கள் எடுக்கின்றனர். நாயகி காட்னிஸ் அவர்கள் கையிலும் கருவியாகிறாள். சிறைப்பட்ட பீட்டாவின் நினைவுகளை அரசு நஞ்சூட்டித் திரிக்கிறது. மீண்டு வந்தவன் ஒவ்வொரு நினைவையும் சொல்லி, அது மெய்யா பொய்யா என்று பிறரைக் கேட்கிறான். போர் விட்டுச்சென்ற மனக்காயம் ஆறத் தொடங்குவது அக்கேள்வியில்தான்.

இது கற்பனையுலகின் செய்தி மட்டுமன்று. 1942 பிப்ரவரியில் வீழ்ந்த சிங்கப்பூருக்கு ஜப்பானியர் ‘சியோனான்’ என்று பெயரிட்டனர். ‘தெற்கின் ஒளி’ என்பது பொருள். அவ்வொளியின் காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர்.

ஆசிரியர்கள் இக்கதைகளை வகுப்பில் எடுக்கும்போது ஒரு வினாவைத் தவறாது எழுப்ப வேண்டும்: இச்செயலுக்கு இப்பெயரை இட்டவர் யார்? செய்தவரா, பட்டவரா? இவ்வாறு கேட்கப் பழகிய மாணவர், நாளை தம் கைபேசியில் வரும் போர்ச்செய்தியையும் அக்கேள்வியோடே படிப்பர்.