கத்தரியின் மூன்று நோய்களும் ஒரு பங்கசும்

நாற்றின் தண்டு கருகுதலும், இலையிற் புள்ளி விழுதலும், காய் அழுகுதலும் வெவ்வேறு நோய்கள் போலவே கண்ணுக்குத் தோன்றும். கத்தரியைப் பொறுத்தவரை அறிஞரும் சிலகாலம் அவ்வாறே மயங்கினர். ஐக்கிய அமெரிக்காவின் நியூ யேர்சியில் ஹால்ஸ்ரெட் என்பார் 1890களின் தொடக்கத்தில் நோய்ப் பங்கசுக்குப் போமா சொலானி எனப் பெயரிட்டார். அப்பெயர் வேறொரு பங்கசுக்கு முன்னரே வழங்கியமையால், 1899இல் சக்கார்டோவும் சிடோவும் அதனைப் போமா வெக்சான்ஸ் என மாற்றினர். 'வெக்சான்ஸ்' எனில் இலத்தீனில் தொல்லை தருவது. பொருத்தமறிந்தே இட்டனர் போலும்!

முடிச்சை அவிழ்த்தவர் ஹாற்றர். காயழுகல், இலைப்புள்ளி, தண்டுக்கருகல் ஆகிய மூன்றும் ஒரே பங்கசின் செயலென அவர் 1914இல் வெளியிட்ட ஆய்வு நிறுவிற்று. முட்டை வடிவ வித்திகளோடு நூல்போல் வளைந்த வித்திகளையும் அது தோற்றுவித்தலின், போமொப்சிஸ் என்னும் சாதியிற் சேர்க்கப்பட்டது.

இது வெறும் பெயர் வழக்கன்று. மூன்றும் ஒன்றெனின், அழுகிய காயின் விதையே அடுத்த போகத்து நாற்றுக்கு நமனாகும். இலைப்புள்ளியை மட்டும் நோக்கி மருந்து தெளித்துவிட்டு, அக்காயிலிருந்தே விதையெடுத்த கமக்காரன் பகையைத் தன் கையாலேயே மேடையில் விதைத்தவனாவான்.

1942இல் கிராட்ஸ் பாலினப்பெருக்க நிலையைக் குறித்து, டயபோர்தே வெக்சான்ஸ் எனப் பெயரிட்டார். சாதிப்பெயர் மறுபடியும் மாறிற்று. தொல்லைப்பெயர் மாத்திரம் மாறவில்லை.