கரண்ட் போகாத இயந்திரம்

நண்பன் ஒருவன் போன மாதம் ஒரு படம் அனுப்பினான். தலையில் மாட்டிக்கொள்ளும் பட்டை; நெற்றிப் பக்கம் இரண்டு மின்முனைகள். "டேய், இது டிப்ரெஷனுக்கு வேலை செய்யுமாம். வாங்கட்டுமா?" மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவன். விளையாட்டாகக் கேட்கவில்லை. அதனால் படிக்க உட்கார்ந்தேன்.

மனச்சோர்வுக்கு மின்சாரம் என்பது பழைய யோசனை. கால்வானியின் சகோதரி மகன் ஆல்தினி, 1801இல் போலோனியாவில் ஒரு விவசாயியின் தலையில் மின்சாரம் செலுத்திக் குணமாக்கியதாக எழுதினார். 1938இல் ரோமில் செர்லெத்தியும் பினியும் மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கினார்கள். அதுதான் சினிமாவில் பார்த்துப் பயந்த 'ஷாக் ட்ரீட்மெண்ட்'. முதலில் மனச்சிதைவுக்கு, பின்னர் மனச்சோர்வுக்கே அதிகம் பயன்பட்டது. பேசாமல், சாப்பிடாமல் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். வேறு சாட்சி எதற்கு?

எழுந்தது கரண்டாலா, கவனிப்பாலா? மனச்சோர்வு தானாகவும் விலகும். என் வேலையில், ஒரு திருத்தம் போட்டதும் பிழை மறைந்துவிட்டால், அந்தத் திருத்தத்தை எடுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன். இங்கிலாந்தின் நார்த்விக் பார்க்கில் செய்ததும் அதுதான். 70 நோயாளிகள். எல்லோருக்கும் மயக்க மருந்து. ஒரு பாதிக்கு மட்டும் கரண்ட். 1980இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் நன்றாகவே தேறியிருந்தார்கள். கரண்ட் வாங்கியவர்கள் கொஞ்சம் கூடுதலாக. ஆறு மாதத்தில் அந்த வித்தியாசமும் இல்லை.

அதோடு கதை முடியவில்லை. 2003இல் இத்தகைய ஆறு சோதனைகளை, மொத்தம் 256 பேரை, சேர்த்துப் பார்த்தபோது சிகிச்சை முடிந்த கையோடு நிஜக் கரண்ட் தெளிவாகவே முந்தியது. நினைவு மறதி என்ற விலை உண்டு. ஆனாலும் ஷாக் பரீட்சையில் தேறிவிட்டது என்றே நினைக்கிறேன்.

மூளைக்குள்ளேயே மின்முனை பதிக்கும் முறை அப்படித் தேறவில்லை. 2005இல் டொராண்டோவில் ஹெலன் மேபெர்க் குழு ஆறு பேருக்குப் பதித்தது. நான்கு பேர் நன்கு தேறினார்கள். எதற்கும் அசையாத நோய் அது. பிறகு 90 பேரிடம் பெரிய சோதனை. எல்லோருக்கும் அறுவை சிகிச்சை. 60 பேருக்குக் கருவி ஓடியது, 30 பேருக்கு ஓடவில்லை. ஆறு மாதத்தில் தேறியவர்கள் 60இல் 12, 30இல் 5. அதாவது 20 சதவீதம், 17 சதவீதம். பின்னர் எல்லோருக்கும் ஓடவிட்டார்கள். இரண்டு வருடத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் தேறியிருந்தார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அப்போது கரண்ட் போகாதவர்கள் யாருமில்லை.

நண்பனின் பட்டைக்கு வருவோம். அதில் ஓடுவது இரண்டு மில்லி ஆம்பியர்தான், வலிப்பு வராது. ஜெர்மனியில் 160 பேரிடம், மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்த சோதனையில் போலிக் கருவியை அது முந்தவில்லை, 2023இல் வெளியானது. அடுத்த வருடம் வெளியான 174 பேரின் சோதனையில், வீட்டிலேயே பத்து வாரம் மாட்டிக்கொண்டவர்களிடம் முந்தியது. இதிலும் ஒரு சிக்கல். கரண்ட் போனால் தோல் சிவக்கும், குறுகுறுக்கும். தனக்குக் கிடைத்தது எது என்று ஆள் ஊகித்துவிடலாம். ஊகித்தவருக்கு நம்பிக்கையும் கூடும்.

"சிலருக்கு உதவலாம்டா. யாருக்கு, எவ்வளவுங்கறது இன்னும் முடிவாகல. டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்கு. மாத்திரையை மட்டும் நிறுத்திடாத" என்று பதில் போட்டேன்.